கை நனைக்காத மூன்று நாள்

புனேயில் நானும் என் மனைவி சரோஜாவும் மூன்று நாளில் ஒன்பது கடைகளில் சாப்பிட்டோம். ஒரே ஒரு வீட்டில் மட்டும் சாப்பிடவில்லை. சாப்பிட்டிருக்க வேண்டியது அந்த வீட்டில்தான். இதை எழுதும்போதே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். என்னை மாதிரி இன்னொரு மடையன் ஆரணியிலிருந்தோ செய்யாற்றிலிருந்தோ அந்தப் பக்கம் கிளம்பக்கூடும்.

போன காரியம் இதுதான். என் மகள் கவிதாவுக்கு வயது முப்பத்திரண்டு. ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஏழு வருஷத்தில் பதினோரு குடும்பம் வந்து பார்த்துவிட்டு "அப்பறம் சொல்றோம்" என்று போனது. பன்னிரண்டாவதாக வந்தது புனே சதீஷின் ஜாதகம். தாபோடியில் வீடு, போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் சூப்பர்வைசர். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பையனும் பெண்ணும் இரண்டு மாதம் போனில் பேசினார்கள். கதவு சாத்திய அறைக்குள்ளிருந்து கவிதா சிரிக்கிற சத்தம் கேட்டு, சரோஜா அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

கிளம்புகிற அன்று கவிதா சொன்னாள். "அப்பா, நான் முடிவு பண்ணிட்டேன். நீ போயி வீட்ட பாத்துட்டு சரின்னு சொல்லிட்டு வா. வேற எதுவும் பண்ணி வெக்காத."

பெற்ற அப்பனை அவள் நன்றாகத்தான் தெரிந்துவைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், சரி என்று வாய்ச்சொல் கொடுக்கிறவரை கை நனைக்கக் கூடாது. சில குடும்பங்களில் காபி வரைக்கும் பரவாயில்லை என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, அது என் அப்பா வைத்த சட்டம். யாராவது உபசாரத்துக்கு வற்புறுத்தினால் "வயிறு சரியில்லீங்க" என்போம். அவர்களும் சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை நகர்த்துவார்கள். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் அது பொய்யே கிடையாது. சரி என்று சொன்ன அடுத்த நிமிஷம் இலை விழும், பாயசத்தோடு.

வெள்ளிக்கிழமை காலையில் புனேயில் இறங்கினோம். அன்று அஷ்டமி, மறுநாள் நவமி. ரயில் கிடைத்த லட்சணம் அப்படி. ஞாயிறு தசமி, நல்ல நாள். ஆகவே வெள்ளிக்கிழமை வீட்டைப் பார்ப்பது, ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் போய்ச் சரி சொல்வது, அங்கேயே மதியச் சாப்பாடு, சாயங்காலம் ரயில். நடுவில் ஊர் சுற்றுவது. முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான், டைம் போட்டு வண்டி எடுப்பதெல்லாம் எனக்குக் கைவந்த கலை.

சிவாஜி நகர் பக்கம் லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு தாபோடிக்கு ஆட்டோ பிடித்தோம். வேறு ஆள் ஓட்ட நான் உட்கார்ந்தால் என் வலது கால் தானாக பிரேக் மிதிக்கும். அந்த ஆட்டோக்காரன் ஓட்டிய ஓட்டில் என் கால் சுளுக்கிக்கொண்டது. கடைசியில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டு "அதோ அங்கேதான்" என்று அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டுப் போனான். படி ஏறி இறங்கி, சந்து சந்தாக விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது சரோஜாவின் புதுப் புடவைக் கொசுவம் கலைந்திருந்தது.

வாசலிலேயே சதீஷின் அம்மா தனலட்சுமி நின்றிருந்தார். "வாங்கண்ணா, வாங்கண்ணி. பைட்டோ... ஐய, உக்காருங்க. எங்க வாயில ஹிந்திதான் மொதல்ல வருது, தப்பா நெனச்சிக்காதீங்க."

சின்ன வீடு, ஆனால் பளிச்சென்று இருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, "சாப்பிட வாங்க" என்றாள். மூத்த மருமகள் மனிஷா.

"நாலு நாளா இந்த ஒரு வார்த்தையத்தான் சொல்லிச் சொல்லிப் பாக்குறா, உங்களுக்கோசரம்" என்று மாமியார் சிரித்தார். "மராட்டிப் பொண்ணு. ஆனா நம்ம வீட்டு ரசம் என்னவிட நல்லா வெப்பா."

மூத்தவனுக்குக் காதல் கல்யாணம் என்று மட்டும்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். மராட்டி என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. மனசில் ஒரு நெருடல் வந்தது, மறைப்பானேன். ஒரு கால் மணி நேரம் இருந்தது. அப்புறம் மாமியார் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று தேட, மருமகள் அதை மாமியாரின் தலையிலிருந்தே எடுத்துக் கொடுக்க, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் நெருடல் போய்விட்டது. இந்த வீட்டுக்கு என் பெண் வந்தால் நன்றாக இருப்பாள் என்று அப்போதே மனசுக்குள் சரி சொல்லிவிட்டேன். வாயால் சொல்ல அஷ்டமி விடவில்லை.

வீடு முழுக்க நெய் மணம். பூரண் போளி செய்திருந்தாள் அந்தப் பெண். நம் ஊர்ப் போளியைவிட இரண்டு மடங்கு அகலம். தட்டில் அடுக்கி, மேலே நெய் ஊற்றி, என் முன்னால் கொண்டுவந்து நின்றாள்.

"வயிறு சரியில்லீங்க" என்றேன், ஊர் வழக்கப்படி.

"ஐயோ! ரயில்ல ஏதாச்சும் சாப்ட்டீங்களா? அப்ப ஒரு சாயாவாச்சும்..."

"வேணாங்க."

"தண்ணி?"

"தண்ணியும் வேணாங்க."

சரோஜாவும் வேண்டாம் என்று தலையாட்டினாள். மனிஷா கொஞ்ச நேரம் தட்டோடு நின்றுவிட்டு உள்ளே போனாள். சதீஷ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். பத்து நிமிஷத்தில் மாத்திரை அட்டையும் உப்பு சர்க்கரைப் பொட்டலமுமாக வந்தான். "மாமா, இத பானில... தண்ணில கலக்கிக் குடிங்க. ஆராம் ஆயிடும்."

ஆரணியில் யாரும் மாத்திரை வாங்க ஓட மாட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பையன் எவ்வளவு நல்லவன் என்று மட்டும்தான் உறைத்தது.

"வீடு புடிச்சிதா மாமா?" என்று வாசலில் கேட்டான்.

"ஞாயித்துக்கெழம வந்து சொல்றேன் தம்பி" என்று சிரித்தேன். எங்கள் ஊரில் அது முக்கால்வாசிச் சம்மதம்.

அன்று மதியம் பசி கண்ணைக் கட்டியது. டெக்கான் பக்கம் ஒரு பழைய கடையில் நுழைந்தோம். சுவர் முழுக்கப் பலகைகள். பக்கத்து மேஜைக்காரர் ஹிந்தியில் அர்த்தம் சொன்னார். 'சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்துகொள்ளவும். அரட்டைக்குப் பூங்கா இருக்கிறது.' 'கை கழுவும் இடத்தில் தலை வாரக் கூடாது.' 'சில்லறை கேட்டால் பதில் கிடைக்காது.' நம் ஊரில் இப்படி எழுதினால் பலகையும் இருக்காது, கடையும் இருக்காது. அந்த ஊர்க்காரர்கள் அதைப் படித்துப் பெருமையாகச் சிரிக்கிறார்கள். கம்பு ரொட்டியான பாக்ரியும், கடலை மாவில் கிண்டிய பிட்லாவும், இடித்த பச்சைமிளகாயும் வந்தன. சரோஜா தட்டைத் தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்தாள். தட்டைத் திருப்பி வைத்து இன்னொன்று எடுத்தாள்.

"இன்னாத்துக்கும்மே இதெல்லாம்?"

"ஸ்டேட்டஸ் வெக்கத்தான். ஊர்ல அவளுங்க பாக்க வேணாமா?"

ஒரு மணிக்குமேல் கடைத்தெருவைச் சுற்றலாம் என்று போனால் பாதிக் கடை சாத்தியிருந்தது. நாலு மணி வரை தூக்கமாம். உள்ளே ஆள் இருக்கிறது, சாமான் இருக்கிறது, விற்க மனமில்லை. "ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை கடவுள் வந்தாலும் திறக்க மாட்டோம்" என்று ஒரு கடைக்காரர் கதவிடுக்கு வழியாக ஹிந்தியில் சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்தார். எங்களுக்கும் போக்கிடம் இல்லை. கேம்ப் பக்கம் போய் ஒரு இரானிக் கடையில் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவை டீயில் முக்கித் தின்றுகொண்டு பொழுதைப் போக்கினோம். அதுவும் ஸ்டேட்டஸில் போனது. சாயங்காலம் வடா பாவ். அதுவும் போனது.

சனிக்கிழமை காலையில் மிசள் சாப்பிடப் போனோம். பழைய ஊருக்குள் ஒரு சந்து, வாசலில் வரிசை, உள்ளே இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். முளைகட்டிய பயறு, மேலே மிக்சர் மாதிரி ஒன்று, அதன்மேல் எண்ணெய் மிதக்கிற சிவப்புக் குழம்பு. குழம்பு மட்டும் கேட்கக் கேட்க ஊற்றுகிறான். முதல் வாயிலேயே என் காது அடைத்தது. ஆனாலும் விடவில்லை, பாவ் பாவாகத் தோய்த்து இழுத்தேன். சரோஜா மூக்கைத் துடைத்துக்கொண்டே, "இன்னா காரம்பா இது, நம்ம ஊரு கறிக்கொழம்பு தோத்துச்சி" என்று இரண்டாவது தட்டு சொன்னாள். இரண்டாவது தட்டையும் படம் எடுத்து, கடையின் பெயர்ப்பலகையோடு போட்டாள்.

குழம்பு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். கடை வாசலில் சதீஷ் நின்றிருந்தான். கையில் ஒரு சின்ன டிபன் கேரியர்.

எங்களைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். என் மோவாயில் சிவப்பு எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"லாட்ஜுக்குப் போனேன் மாமா. நீங்க இல்ல. ஆயி போன்ல ஸ்டேட்டஸ் பாத்துட்டு, இங்க இருக்கீங்கன்னாங்க" என்றான்.

"வா தம்பி, உக்காரு. அது இன்னா கையில?"

"ஒண்ணுமில்ல. வஹினி மவு பாத் செஞ்சி குடுத்தாங்க. வயித்துக்கு நல்லது." அம்மாவை ஆயி என்றும் அண்ணியை வஹினி என்றும் மராட்டியில்தான் அவன் கூப்பிடுவான். மவு பாத் என்பது குழைய வடித்து நெய் விட்ட சோறு, நோயாளிக்குக் கொடுப்பது. பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள், "நீங்க ஆராமா சாப்பிடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, கேரியரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"பாவம், வேலைக்கு நேரமாச்சி போல" என்றாள் சரோஜா. ஆமாம் என்றேன் நான். ஜாடிக்கேற்ற மூடி.

மத்தியானம் துளசி பாக் கடைத்தெருவில் சுற்றினோம். பித்தளைப் பாத்திரம், வளையல், சாமி சாமான், சல்லடை, இடியாப்பக் குழல் மாதிரி ஒன்று, எல்லாம் ஒரே சந்தில். சரோஜா கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற பச்சைக் கண்ணாடி வளையலை விலை கேட்டாள், எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், இன்று நவமி என்று தடுத்தேன். அப்போது கவிதா போன் செய்தாள்.

"அப்பா, சதீஷ் போன் எடுக்க மாட்டேங்கறாருப்பா. காலையிலேர்ந்து ஒரு மெசேஜ்கூட இல்ல."

"ஷிப்டா இருக்கும்மா. காலையிலகூட எங்கள வந்து பாத்துட்டுப் போனாரே."

"இன்னா சொன்னாரு?"

"ஆராமா சாப்பிடுங்கன்னாரு" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலையில் தட்டுக்குப் பழம், பூ, வெற்றிலை வாங்கப் பெரிய காய்கறிச் சந்தைக்குப் போனோம். மண்டை என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம், நடுவில் கோபுரம். வியாபாரிகள் உயரமான மேடைகளில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, நாம் கீழே நின்று அண்ணாந்து கேட்க வேண்டியிருக்கிறது. வெண்டைக்காயைக்கூடக் கோலம் போட்ட மாதிரி அடுக்கியிருந்தார்கள். பொறுக்கி எடுக்கப் போன சரோஜாவின் கையில் ஒரு தட்டு விழுந்தது. வெளியே ஒரு பூக்காரி இத்தனை பூ எதற்கு என்று விசாரித்தாள். பெண்ணுக்குச் சம்பந்தம் என்றேன், பெங்களூர் ரூட்டில் பொறுக்கிய ஹிந்தியில். "கொடுக்கிறாயா, எடுக்கிறாயா?" என்றாள். கொடுக்கிறேன் என்றதும் ஒரு பிடி சாமந்தியை அதிகமாக அள்ளிப் போட்டு, "பெண்ணைக் கொடுக்கிறவனுக்கு நெஞ்சு கனக்கும், அது இறங்க இரண்டு நாள் ஆகும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

மெட்ரோவில் பூமிக்கடியில் ஏறி, தாபோடியில் உயரத்தில் இறங்கினோம். மூன்று நாளில் அந்த ஒரு பயணம்தான் ஒழுங்காக நடந்தது. பத்தே காலுக்கு வாசலில் நின்றோம், தட்டோடு.

அன்று தனலட்சுமி வாசலுக்கு வரவில்லை. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சதீஷ் சுவரோரம் நின்றான். அடுப்படியில் எந்த மணமும் இல்லை.

"எங்களுக்குப் பூரண சம்மதங்க" என்று தட்டை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "அண்ணா, நீங்க ரோட்டுக் கடையில எல்லாம் சாப்ட்டீங்க. யார் யாரு கையிலயோ சாப்ட்டீங்க. எங்க வீட்ல தண்ணிகூட வேணான்னுட்டீங்க. என் மருமவ ஒரு நாள் லீவு போட்டு போளி செஞ்சா. மறுநா வயிறு சரியில்லன்னு நம்பி சோறு கொழைச்சா. நேத்து பூரா அவ ஒரு வாய் சாப்புடல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்று புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. பழக்கத்தைச் சொன்னேன். கை நனைப்பது, அஷ்டமி, நவமி, அப்பா வைத்த சட்டம், வயிற்று வலி என்று சொல்வது வெறும் மரியாதை. தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். சரோஜா என்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

தனலட்சுமி முகம் கொஞ்சம் இளகியது. "எங்கம்மா சொல்லிக் கேட்டிருக்கேன், கை நனைக்கிறதுன்னு. சுத்தமா மறந்தே போச்சி. நாங்க இங்கியே பொறந்து வளந்தவங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாண்ணா?"

சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்த சம்மதத்தை ஒரு திதிக்காக மூன்று நாள் அடக்கி வைத்திருந்தேனே, பாவி.

அவர் சதீஷைப் பார்த்தார். அவன் சுவரிலிருந்து நகர்ந்து வந்தான்.

"மாமா, நீங்க சொல்றது சச்... நெஜந்தான், நான் நம்பறேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன். மொத நாள் ஆயி, வஹினி மராட்டின்னு சொன்னப்ப உங்க மூஞ்சி மாறிச்சி. நான் பாத்தேன். அது இன்னா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன். அதில் ஒரு வீசம் உண்மை இருந்தது, அதுதான் என் நாக்கைப் பிடித்தது.

"ஒரு கால் மணி நேரம் தம்பி" என்றேன். "அதுக்கப்பறம் சத்தியமா இல்ல."

அவன் தலையாட்டினான். "கவிதா நல்ல பொண்ணு மாமா. அவங்க மேல எதுவும் இல்ல. ஆனா நாளைக்கு நீங்க வருவீங்க, உங்க ஆளுங்க வருவாங்க. ஒவ்வொரு வாட்டியும் அந்தக் கால் மணி நேரம் வஹினி தட்ட வெச்சிக்கினு நிக்கணும். எனக்கு அது வேணாம்."

சரோஜா அழ ஆரம்பித்தாள். நான் என்ன செய்வேன்? அறைக்கதவு ஓரம் மனிஷா நிற்பது தெரிந்தது. முப்பது வருஷம் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன், யாரிடமும் கெஞ்சியதில்லை. அன்று கெஞ்சினேன். "அம்மா, உன் கையால ஒரு டம்ளர் தண்ணி குடும்மா" என்று தமிழிலும் ஹிந்தியிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் டம்ளர் இல்லை. கடையில் விற்கிற தண்ணீர் பாட்டில், மூடி பிரிக்காதது. அதை மரியாதையாக இரண்டு கையாலும் என் முன்னால் ஸ்டூலில் வைத்தாள். கோபமே இல்லாமல், மெதுவாக, ஹிந்தியில் சொன்னாள்: "இதில் என் கை படவில்லை. நீங்கள் பயமில்லாமல் குடிக்கலாம்."

மூடியைத் திருகித் திறந்து குடித்தேன். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பாதிப் பாட்டில் குடித்தேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் பூத்தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். மணி இரண்டுக்குக் கவிதாவின் போன் வந்தது. சரோஜா கையெடுத்துக் கும்பிட்டாள், நீயே பேசு என்று.

"அப்பா, சாப்ட்டியா?"

வேறு எந்த நாளும் எங்கள் வீட்டில் அது சாதாரணக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இல்லம்மா" என்றேன்.

ஏன் என்று கேட்பாள், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பாள், நீ என்ன பண்ணி வைத்தாய் என்று கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சரிப்பா" என்றாள் கடைசியில். "ஸ்டேஷன்ல ஏதாச்சும் வாங்கி சாப்புடுங்க. அம்மாவுக்கு சுகர் இருக்குது, பசியோட வெக்காத."